விண்டோஸ் அப்டேட் பதிவிறக்கக் கோளாறு

விண்டோஸ் இயங்குதளம் உள்ள கணினி, மைக்ரோசாஃப்டின் சேவையகங்களிலிருந்து பாதுகாப்புத் திருத்தங்களையும் பிற புதுப்பிப்புகளையும் இறக்கிக்கொள்ள முடியாமல் போகும் நிலையே விண்டோஸ் அப்டேட் பதிவிறக்கக் கோளாறு. பதிவிறக்கம் 0 விழுக்காட்டிலேயே நிற்பது, பாதியில் அறுந்து மறுபடி தொடங்குவது, பிழைக் குறியீட்டுடன் முடிவது ஆகியவை இதன் அறிகுறிகள். எளிய காரணத்திலிருந்து தொடங்கி வரிசையாகச் சோதித்தால், பெரும்பாலும் இயங்குதளத்தை மறுபடி நிறுவாமலே இதைச் சரிசெய்துவிடலாம்.

பதிவிறக்கம் நடக்கும் முறை

2003 அக்டோபர் முதல் மைக்ரோசாஃப்ட் தன் பாதுகாப்புத் திருத்தங்களை மாதந்தோறும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை வெளியிட்டு வருகிறது. கணினியில் உள்ள ‘விண்டோஸ் அப்டேட்’ சேவை, எந்தத் திருத்தங்கள் தேவை என்பதைச் சேவையகத்திடம் கேட்டறிகிறது. கோப்புகளை இறக்கும் வேலையை ‘பிட்ஸ்’ என்ற சேவையும், விண்டோஸ் 10 முதல் ‘டெலிவரி ஆப்டிமைசேஷன்’ சேவையும் பார்த்துக்கொள்கின்றன. இறங்கியவை சி டிரைவில் விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் ‘சாஃப்ட்வேர்டிஸ்ட்ரிபியூஷன்’ என்ற உட்கோப்புறையில் சேர்கின்றன. மின்கையொப்பம் சரிபார்க்கப்பட்ட பிறகே அவை நிறுவப்படும்.

பொதுவான காரணங்கள்

தேதி, நேரம்: சேவையகத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமே செல்லும். தாய்ப்பலகையில் உள்ள சிஆர்2032 என்னும் 3 வோல்ட் பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டால், மின்சாரம் துண்டிக்கப்படும்போதெல்லாம் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னுக்குப் போய்விடும். சான்றிதழ் செல்லாதெனக் கருதி விண்டோஸ் இணைப்பைத் துண்டிக்கும். 80072எஃப்8எஃப் என்று முடியும் குறியீடு இதன் அடையாளம். தேதியைத் திருத்திப் பேட்டரியை மாற்றினால் கோளாறு தீரும்.

வட்டில் இடமின்மை: 80070070 என்று முடியும் குறியீடு தோன்றும். தற்காலிகக் கோப்புகளை நீக்கி இடம் ஒதுக்க வேண்டும்.

சேவை முடக்கம்: 80070422 என்ற குறியீடு, தேவையான சேவை முடக்கப்பட்டிருப்பதைக் காட்டும். ‘சர்வீசஸ்’ சாளரத்தில் அதை மீண்டும் இயக்கலாம்.

இணைப்பு: கைபேசி ஹாட்ஸ்பாட் போன்ற இணைப்பு ‘மீட்டர்டு’ (தரவு அளவைக் கட்டுப்படுத்த வேண்டிய இணைப்பு) எனக் குறிக்கப்பட்டிருந்தால் பெரும்பாலான புதுப்பிப்புகள் தாமாக இறங்கா. தவறான பிராக்சி அமைப்பும், சில ஃபயர்வால், விபிஎன் மென்பொருள்களும் தடையாகலாம்.

சீரமைப்பு

மேற்கண்டவை சரியாக இருந்தும் கோப்பு இறங்காவிட்டால், பாதியில் சிதைந்த பழைய பதிவிறக்கம் காரணமாக இருக்கலாம். முதலில் அமைப்புகளில் உள்ள அப்டேட் டிரபிள்ஷூட்டரை இயக்கிப் பார்க்க வேண்டும். அதுவும் பலிக்காவிட்டால் ‘விண்டோஸ் அப்டேட்’, ‘பிட்ஸ்’ ஆகிய இரு சேவைகளையும் நிறுத்தி, சாஃப்ட்வேர்டிஸ்ட்ரிபியூஷன் கோப்புறைக்கு வேறு பெயரிட்டு, சேவைகளை மீண்டும் தொடங்க வேண்டும். விண்டோஸ் அந்தக் கோப்புறையைப் புதிதாக உருவாக்கிக்கொள்ளும். ஏற்கெனவே நிறுவிய திருத்தங்களோ பயனரின் சொந்தக் கோப்புகளோ இதனால் அழிவதில்லை.

இயங்குதளக் கோப்புகளே பழுதாகியிருந்தால், நிர்வாகி உரிமையுடன் திறந்த கட்டளைச் சாளரத்தில் ‘டிஸ்ம்’ கருவியை ‘ரெஸ்டோர்ஹெல்த்’ தெரிவுடன் இயக்கி, அதன் பின் ‘எஸ்எஃப்சி ஸ்கேன்நவ்’ கட்டளையை இயக்குவது முறை. குறிப்பிட்ட ஒரு திருத்தம் மட்டும் இறங்க மறுத்தால், அதன் அடையாளமான கேபி எண்ணைக் கொண்டு மைக்ரோசாஃப்ட் அப்டேட் கேட்டலாக் தளத்தில் தேடி நேரடியாக இறக்கி நிறுவலாம்.

பழைய பதிப்புகள்

விண்டோஸ் 7 பதிப்பைப் புதிதாக நிறுவியவர்களுக்குத் தனிச் சிக்கல் உண்டு. மைக்ரோசாஃப்ட் 2019-இல் எஸ்ஹெச்ஏ-1 கையொப்ப முறையைக் கைவிட்டு எஸ்ஹெச்ஏ-2 முறைக்கு மாறியது. இதற்கான திருத்தங்களான கேபி4474419, கேபி4490628 இரண்டையும் கையால் நிறுவாமல் அப்பதிப்பு புதுப்பிப்புகளைப் பெறாது. அதற்கான ஆதரவு 2020 ஜனவரி 14 அன்றும், விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றும் முடிந்துவிட்டன. இப்பதிப்புகளுக்குப் புதிய திருத்தம் வராததைக் கோளாறாகக் கொள்ளக்கூடாது. புதிய பதிப்புக்கு மாறுவதே அதற்குத் தீர்வு.

முக்கியத்துவம்

புதுப்பிப்பு இறங்காத கணினி வழக்கம்போலவே வேலை செய்வதால் பலர் இக்கோளாற்றைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் இதன் ஆபத்து பெரிது: 2017 மே 12 அன்று பரவத் தொடங்கிய வான்னாக்ரை என்னும் பணயத் தீநிரல், பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவை மருத்துவமனைகள் வரை முடக்கியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச் 14 அன்றே, அதாவது ஏறத்தாழ இரண்டு மாதங்களுக்கு முன்பே, வெளியிட்டிருந்தது.