புலனாய்வுப் பத்திரிகைத்துறையும் யாழ்ப்பாண அநுபவமும்

பத்திரிகையின் பணி செய்தி கூறுதல் என்பர். ஆயின், செய்தி கூறுதலும் உண்மையை நிறுவுதலும் ஒன்றல்ல. அதிகாரபூர்வமான அறிக்கையொன்றை எழுத்துப் பிழையின்றி அச்சிடும் பத்திரிகை தன் கடமையை முடித்துவிட்டதாகக் கருதலாம். அவ்வறிக்கை பொய்யாயின், அப்பொய்யையே அது பிழையின்றிப் பரப்புகின்றது. அதிகாரத்திலுள்ளோர் மறைக்க முனைவதைத் தக்க சான்றுகளோடு வெளிக்கொணர்வதே புலனாய்வுப் பத்திரிகைத்துறையின் நோக்கமாகும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் அநுபவத்தை முதன்மையாகக் கொண்டு அதன் முக்கியத்துவத்தை நோக்குவது பயனுடையது.

குடாநாட்டின் பத்திரிகை மரபு நீண்டது. 1841 இல் அமெரிக்க மிஷனரிமாரின் ஆதரவில் ‘உதயதாரகை’ தோன்றியது. 1889 இல் சைவபரிபாலன சபையின் சார்பில் ‘இந்து சாதனம்’ வெளிவந்தது. இவை வளர்த்த விவாத மரபு பெரிதும் சமயஞ் சார்ந்தது. நிலவுடைமையையும் சாதியையும் ஆதாரமாகக் கொண்ட சுரண்டலைத் துருவி ஆராய்தல் அவற்றின் முதன்மை நோக்கமாக இருக்கவில்லை. எப்பத்திரிகையும் அதனை நடத்தும் வர்க்கத்தின் பார்வை எல்லையைத் தாண்டுவது எளிதன்று என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிலைமை மாறியது. 1959 இல் தொடங்கப்பெற்ற ‘ஈழநாடு’ பிரதேசத்தின் குரலாக வளர்ந்தது. 1981 யூன் தொடக்கத்தில், யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்ட அதே நாட்களில், அப்பத்திரிகையின் அலுவலகமும் தீக்கிரையாக்கப்பட்டது. 1987 ஒக்டோபரில் ‘ஈழமுரசு’, ‘முரசொலி’ ஆகியவற்றின் அச்சகங்களை இந்திய அமைதிப்படை தகர்த்தது. அடக்குமுறையாளர் அச்சு இயந்திரத்தை ஆயுதத்துக்கு நிகராகவே மதித்தனர் என்பது இதனாற் புலனாகும்.

அச்சகத்தை அழித்தும் அடங்காதவிடத்துச் செய்தியாளரே இலக்காயினர். மயில்வாகனம் நிமலராஜன் பீ.பீ.சி. தமிழ், சிங்களச் சேவைகளுக்கும் ‘வீரகேசரி’, ‘ராவய’ ஆகியவற்றுக்கும் செய்தி வழங்கியவர். 2000 ஒக்டோபர் பொதுத் தேர்தலில் குடாநாட்டில் நடைபெற்ற மோசடிகளையும் அச்சுறுத்தல்களையும் அவர் வெளிப்படுத்தினார். அம்மாதம் 19ஆந் திகதி, ஊரடங்கு நடைமுறையிலிருந்த இரவில், தம் வீட்டிலேயே அவர் கொலையுண்டார். படையினரின் பலத்த காவலுக்குட்பட்ட பகுதியிலேயே இது நிகழ்ந்தது.

திருகோணமலையில் நிகழ்ந்ததும் இவ்விடத்து ஒப்புநோக்கத்தக்கது. 2006 யனவரி 2ஆந் திகதி மாணவர் ஐவர் கடற்கரையிற் கொல்லப்பட்டனர். அவர்கள் கைக்குண்டு வெடித்து இறந்ததாகக் கூறப்பட்டது. சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்து, ‘சுடர் ஒளி’ வெளியிட்ட புகைப்படங்களோ துப்பாக்கிச் சூட்டுக் காயங்களைக் காட்டின. அதே மாதம் 24ஆந் திகதி அவரும் சுட்டுக் கொல்லப்பட்டார். ஓர் அரசின் கூற்றை ஒரு சில புகைப்படங்கள் உடைத்தமையே புலனாய்வின் வலிமைக்குச் சான்று.

இவ்விருவரும் பத்திரிகை முதலாளிகளல்லர், பிரதேசச் செய்தியாளர்கள். செய்தி பண்டமாக விற்கப்படும் சமூகத்தில் ஆபத்தைச் சுமப்பவர் ஒருவர், இலாபத்தை அடைபவர் வேறொருவர். இம்முரண்பாட்டை மறந்து பத்திரிகைச் சுதந்திரம் பற்றிப் பேசுதல் முழுமையாகாது.

ஒடுக்கப்படும் இனம் தன் குறைகளைத் தானே வெளிப்படுத்தினால் எதிரிக்கு வாய்ப்பாகாதா என வினவுவோர் உளர். இவ்வினாவை எதிர்கொண்டவர்கள் 1988 இல் உருவான மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் அமைப்பினர். தொழிலாற் பத்திரிகையாளர் அல்லராயினும், சாட்சியங்களைத் திரட்டி ஒப்பிடும் புலனாய்வு முறையையே அவர்கள் கைக்கொண்டனர். இலங்கை அரசு, இந்தியப் படை, தமிழ் இயக்கங்கள் ஆகிய அனைத்தினதும் வன்முறையை அவர்களின் ‘முறிந்த பனை’ ஒரே அளவுகோலால் அளந்தது. அதன் ஆசிரியருள் ஒருவரான மருத்துவ விரிவுரையாளர் ராஜினி திராணகம 1989 செப்டெம்பர் 21ஆந் திகதி யாழ்ப்பாணத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

விடுதலையை வேண்டி நிற்கும் மக்களுக்குத் தம்மைப் பற்றிய உண்மையும் வேண்டும். எதிரியின் பொய்யை மட்டும் ஆராய்ந்து தன் தரப்பின் பொய்யைக் காப்பது புலனாய்வாகாது, அது பிரசாரமே. யதார்த்தவாத இலக்கியம் சமூகத்தின் மெய்யான இயக்கத்தைக் காட்ட முயல்வது போன்று, புலனாய்வுப் பத்திரிகைத்துறை அதன் அன்றாடச் சான்றுகளைக் காக்கின்றது. நீதிமன்றங்கள் மௌனிக்கும் நாட்டில் அச்சான்றுகளே வரலாற்றின் மூலாதாரங்களாக எஞ்சுகின்றன. நிமலராஜனைக் கொன்றோர் இருபதாண்டுகள் கடந்தும் தண்டிக்கப்படவில்லை. அவர் எழுதிய செய்திகளோ அத்தேர்தலின் மெய்ந்நிலைக்கு இன்றும் சாட்சி பகர்கின்றன.