நவாப் பட்ட கடன்

கட்டபொம்மனிடம் வெள்ளைக்காரர்கள் கிஸ்தி கேட்ட கதை நம் நாட்டில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் தெரியும். 1959-இல் அது சினிமாவாகவும் வந்த பிறகு, தெரியாது என்று சொல்லுகிறவர்களே இல்லை. ஆனால், கேட்ட அந்தப் பணம் யாருடைய பெட்டிக்குப் போய்ச் சேருவதாக இருந்தது என்று கேட்டால், பெரியவர்கள்கூடச் சற்று விழிப்பார்கள். அந்தப் பெட்டியைத் தேடிக்கொண்டு புறப்பட்டால், பாஞ்சாலங்குறிச்சியிலிருந்து சென்னைச் சேப்பாக்கத்துக்கும், அங்கிருந்து லண்டன் பார்லிமெண்டுக்கும் போக வேண்டியிருக்கிறது. வழியில் தூத்துக்குடி முத்துச் சலாபத்தையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம்.

ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜா 1749 முதல் 1795 வரையில் பட்டத்தில் இருந்தவர். அவருக்குப் பட்டத்தை நிலைநாட்டிக் கொடுத்தது கிழக்கிந்தியக் கம்பெனியின் பட்டாளம். கம்பெனி வியாபாரிகளின் சங்கம் அல்லவா? யுத்தம் முடிந்ததும் செலவுக் கணக்கை நீட்டியது. கம்பெனிக்குக் கொடுக்க நவாபிடம் பணம் இல்லை. அப்போது கம்பெனியின் உத்தியோகஸ்தர்களே, தங்கள் சொந்த ஹோதாவில், "நாங்கள் கடன் தருகிறோம்" என்று முன்வந்தார்கள். நூற்றுக்கு இருபதும் அதற்கு மேலும் வட்டி. ஈடாக நவாப் தம் சீமைகளின் வருவாயை எழுதிக் கொடுத்தார். பகலில் கம்பெனிக்காகப் பாக்கி கேட்டு வந்த மனிதரே, சாயங்காலம் தமக்காக வட்டி கேட்டு வந்தார். இந்தக் கூத்தில் நவாபுக்கும் பங்கு உண்டு. சேப்பாக்கத்தில் மாளிகை கட்டிக்கொண்டு, கவர்னருக்கு அண்டை வீட்டுக்காரராக வாழ்ந்தவருக்குச் சிக்கனம் என்பது தெரியாத விஷயம்.

அந்தக் காலத்தில் தென்னாட்டில் பெரிய தொகைகளெல்லாம் வராகனில்தான் புழங்கின. சென்னைக் கோட்டையில் கம்பெனி அடித்த நட்சத்திர வராகன் அவற்றில் பிரசித்தம். ஒரு வராகன் மூன்றரை ரூபாய். இங்கிலீஷ் கணக்கில் எட்டு ஷில்லிங். நவாபும் தம் பெயரில் காசு அடித்ததுண்டு. ஆனாலும் கடன் பத்திரம் எழுதுகிறவனுக்கு எந்த நாணயத்தில் நம்பிக்கையோ, அதில்தானே பத்திரம் எழுதுவான்? நவாபின் சீமையும் கம்பெனியின் கோட்டையும் நாணய விஷயத்தில் ஒரே வீடு. ஆனால் வீட்டுச் சாவி கடன் கொடுத்தவர்கள் கையில் இருந்தது.

இனி தூத்துக்குடிக்கு வருவோம். திருநெல்வேலிச் சீமை நவாபுடையது. ஆகவே முத்துச் சலாபத்திலும் தமக்கு உரிமை உண்டு என்றார் நவாப். 1658-இல் போர்ச்சுகீசியரிடமிருந்து ஊரைப் பிடித்துக்கொண்ட டச்சுக்காரர்கள் தங்களுக்கு உண்டு என்றார்கள். நவாபுக்குப் பின்னால் நின்ற இங்கிலீஷ்காரர்களும் கடல்மேல் ஒரு கண் வைத்திருந்தார்கள். மூச்சை அடக்கிக் கடலில் மூழ்கிய பரதவனுக்குச் சிப்பியில் ஒரு பங்கு கிடைத்தது. கரையில் நின்றவர்களின் சண்டை மிச்சப் பங்குக்கு.

முத்து ஒரு விசித்திரமான சொத்து. கடலடியில் சிப்பி படிந்து கிடக்கும் 'பார்' ஒரு வருஷம் நிறைந்திருக்கும். அடுத்த வருஷம் வெறும் மணலாகக் கிடக்கும். சிப்பி முற்றி முத்து விளைய நாலைந்து வருஷம் ஆகும். 1830-க்குப் பிறகு சுமார் முப்பது வருஷ காலம் தூத்துக்குடியில் சலாபமே நடக்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். வட்டியோ மாதம் தவறுவதில்லை. மழைக்குக் காத்திருக்கும் கரிசல்காட்டுப் பருத்தியும் அப்படியே, சிப்பியும் அப்படியே. இரண்டுக்கும் வட்டி தெரியாது. எனக்குத் தெரிந்தவரையில் நவாபின் கடன் கதை முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிடுகிறது.

முத்துக் குளிக்கிறவன் கடலில் இறங்கும்போது, மேலே தோணியில் கயிறு பிடிக்க மச்சானைத்தான் வைத்துக்கொள்வான் என்று அந்தக் கரையில் சொல்லுவார்கள். தங்கையின் தாலி நினைவிருக்கும். கயிற்றை நழுவ விடமாட்டான் என்ற நம்பிக்கை. பாவம், நவாப் இறங்கியபோது கயிறு பிடித்திருந்தவர்கள் கடன்காரர்கள்.

அவர்களில் தலைவர் பால் பென்ஃபீல்டு. 1764-இல் கம்பெனி வேலைக்குச் சென்னைக்கு வந்தவர். 1776-இல் கவர்னர் பிகட், தஞ்சாவூரை அதன் ராஜாவுக்கே திருப்பிக் கொடுத்தபோது, "அந்தச் சீமையின் விளைச்சல் எனக்கு ஈடாக எழுதப்பட்டிருக்கிறது" என்று லட்சக்கணக்கில் பாத்தியம் கொண்டாடினார். தகராறு முற்றியது. கவுன்சில் மெம்பர்களில் பெரும்பான்மையோர் சேர்ந்து கவர்னரையே கைது செய்தார்கள். மறு வருஷம் அவர் காவலிலேயே இறந்துபோனார். கடன்காரனுக்குக் குறுக்கே நின்றால் கவர்னருக்கும் அந்தக் கதிதான்!

விவகாரம் பகிரங்க விவாதமானது லண்டனில். 1784-இல் புதிதாக ஏற்பட்ட கட்டுப்பாட்டுச் சபை, ஹென்றி டண்டாஸின் யோசனைப்படி, நவாபின் கடன்களை விசாரணை இல்லாமலே ஒப்புக்கொண்டு, வருஷத்துக்கு 12 லட்சம் வராகன் அவருடைய சீமையிலிருந்து ஒதுக்கும்படி உத்தரவிட்டது. கம்பெனி டைரக்டர்களே, விசாரித்துவிட்டுக் கொடுக்கலாம் என்றுதான் சொன்னார்கள், சபை கேட்கவில்லை. அதன் கட்சியிலும் நியாயம் இல்லாமல் இல்லை. பட்டவரே ஒப்புக்கொண்ட கடனை மற்றவர்கள் கிளறுவானேன்? விசாரணை என்றால் வருஷக்கணக்கில் இழுக்கும். அதுவரை வட்டி ஏறாதா?

1785 பிப்ரவரி 28-இல் எட்மண்டு பர்க் இதை எதிர்த்துப் பேசினார். கடன் பட்டவரும் கடன் கொடுத்தவர்களும் கூடிப் பேசி ஒப்புக்கொண்டால், அது மூன்றாவது மனிதனான குடியானவனின் தலையில் கை வைப்பதல்லவா என்பதுதான் அவர் வாதத்தின் சாரம். இந்தியாவையே பார்த்திராத அந்த மனிதர், கர்நாடகத்திலும் தஞ்சையிலும் பதினாயிரத்துக்கு மேற்பட்ட ஏரிகள் இருப்பதைச் சொல்லி, வருவாயெல்லாம் கடனுக்குப் போனால் அவற்றின் கரையைக் கட்டுவது யார் என்று கேட்டார். அந்த இடத்தைப் படிக்கும்போது எனக்கு உடம்பு சிலிர்த்தது. பிரதம மந்திரி பிட் பதில் சொல்லவே எழுந்திருக்கவில்லை. தீர்மானம் தோற்றது. பென்ஃபீல்டின் ஆட்கள் பார்லிமெண்டிலேயே உட்கார்ந்திருந்தார்கள் என்பதுதான் காரணம் என்றார் பர்க்.

1792 உடன்படிக்கைப்படி, தனிப்பட்ட கடன்காரர்களுக்கென்று வருஷா வருஷம் 6,21,105 வராகன் ஒதுக்கப்பட்டது. பாளையக்காரர்களின் கிஸ்தியைக் கம்பெனியே வசூலித்து நவாபின் கணக்கில் வரவு வைக்கும் என்றும் ஏற்பாடாயிற்று. நாம் தேடிவந்த பெட்டி இதோ அகப்பட்டுவிட்டது! 1799-இல் கயத்தாற்றில் தூக்குமரம் எழுந்தது. 1801-இல் நவாபின் ராஜ்யமே கம்பெனிக்குப் போயிற்று. 1825-இல் தூத்துக்குடியும் டச்சுக்காரர் கையிலிருந்து முடிவாக இங்கிலீஷ்காரரிடம் வந்தது.

அதற்குப் பிறகுதான் வேடிக்கை. மிச்சக் கடனைத் தானே தீர்க்க வேண்டும் என்றானதும், கம்பெனிக்கு விசாரணையில் திடீரென்று அக்கறை வந்துவிட்டது. 1805-இல் கமிஷன் உட்கார்ந்தது. வந்த பாத்தியங்கள் மூன்று கோடிப் பவுனுக்கு மேல். உண்மை என்று தேறியவை பத்தில் ஒரு பங்குகூட இல்லை! 1785-இல் பர்க் கேட்ட விசாரணை, குடியானவன் கட்டியபோது தேவைப்படவில்லை. கம்பெனி கட்ட வேண்டி வந்தபோது தேவைப்பட்டது. பென்ஃபீல்டு சொத்தையெல்லாம் இழந்து 1810-இல் பாரிஸில் ஏழையாகச் செத்தார் என்பதில் நமக்கு என்ன ஆறுதல்?

பழங்கதைதானே என்று ஒதுக்க முடியவில்லை. 2001-இல் கிரீஸ் தேசம் ஐரோப்பாவின் பொது நாணயமான யூரோவில் சேர்ந்தது. 2010-இல் கடனில் மூழ்கியது. அடிக்கும் நாணயம் தன் கையில் இல்லை. மதிப்பைக் குறைத்துக்கொண்டு மூச்சுவிடவும் வழியில்லை. 2015-இல் அந்நாட்டுப் பார்லிமெண்டு, கடனில் எது நியாயம், எது அநியாயம் என்று பார்க்க ஒரு கமிட்டி போட்டது. அதே ஜூலை 5-இல் ஜனங்கள் வோட்டுப் போட்டு, நூற்றுக்கு 61 பேர் நிபந்தனைகள் வேண்டாம் என்றார்கள். ஒரு வாரத்துக்குள் அவர்கள் சர்க்கார் கடுமையான நிபந்தனைகளுக்குத் தலையாட்ட வேண்டியதாயிற்று. கிரீஸ் சர்க்கார் ஜனங்கள் தேர்ந்தெடுத்தது. நவாபை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. அந்த வித்தியாசம் சின்னதல்ல. ஆனால் கேள்வி ஒன்றுதான்: கடனை ஒப்புக்கொள்கிறவர் ஒருவர், கட்டுகிறவர் வேறொருவர் என்றால், கணக்குப் புஸ்தகத்தை யார் முதலில் பார்க்க வேண்டும்?

தூத்துக்குடியில் சர்க்கார் நடத்திய முத்துச் சலாபம் 1961-உடன் நின்றுபோயிற்று. பாரில் சிப்பி இல்லாத வருஷத்தில் அந்தக் கரையார் தோணியை இறக்கமாட்டார்கள். முதலில் ஆள் இறங்கிப் பார்ப்பான். சிப்பியை எடுத்து வந்து எண்ணுவார்கள், அறுத்துப் பார்ப்பார்கள். பிறகுதான் சலாபம் உண்டா இல்லையா என்று பறை சாற்றுவார்கள். சிப்பிக்குக் காட்டிய அந்த ஜாக்கிரதையைச் சேப்பாக்கத்துப் பத்திரங்களுக்கும் காட்டியிருந்தால், திருநெல்வேலிச் சீமையின் சரித்திரம் கொஞ்சம் வேறு மாதிரி எழுதப்பட்டிருக்கும்.