தெருவே ஆடுகளமான வரலாறு

கணினி, இணையம், ஒளிப்படக்காட்சி முதலியவற்றையே படைப்புக் கருவியாகக் கொள்ளும் ஊடகக் கலை, பார்வையாளரை ஆட்டக்காரராக மாற்றிய வரலாற்றில் பிளாஸ்ட் தியரி என்னும் பிரித்தானியக் கலைக்குழுவுக்குத் தலையாய இடம் உண்டு. 1991-இல் லண்டனில் தோன்றிப் பின்னர் பிரைட்டனை அடுத்த போர்ட்ஸ்லேடில் நிலைகொண்ட இக்குழுவை மேட் ஆடம்ஸ், ஜூ ரோ ஃபார், நிக் தந்தவனிட்ஜ் ஆகியோர் நெடுங்காலம் வழிநடத்தினர். 1998-இல் நிகழ்ந்த 'கிட்நேப்' படைப்பில், தாமாகவே பெயர் பதிந்தவர்களுள் குலுக்கலில் தேர்வான இருவர் கடத்தப்பட்டு, இரண்டு நாள் மறைவிடத்தில் வைக்கப்பட்டு, இணையத்தின் வழியே பிறருக்குக் காட்டப்பட்டனர். முன்பின் அறியாதவரிடம் ஒருவர் தம்மை எந்த அளவுக்கு ஒப்படைக்கலாம் என்று இப்படைப்பு எழுப்பிய வினா, குழுவின் பிற்காலப் படைப்புகள் பலவற்றிலும் தொடர்ந்தது.

நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தின் கலப்பு மெய்ம்மை ஆய்வகம், அதாவது மெய்யான இடத்தையும் கணினி உருவாக்கும் இடத்தையும் இணைத்து ஆராயும் கூடம், இக்குழுவோடு கைகோத்தபோது கலையும் ஆய்வும் ஒரே பணியாயின. 1999-இல் இரு தரப்பினரும் உருவாக்கிய 'டெசர்ட் ரெயின்', வளைகுடாப் போரைத் திரையில் மட்டுமே கண்ட தலைமுறையினரை நீர்த்துளித் திரைமேல் வீழ்த்தப்பட்ட காட்சிக்குள் அனுப்பி, போரைப் பற்றித் தாம் அறிந்தது எவ்வளவு மெய் என்று எண்ண வைத்தது.

2000 மே மாதம் அமெரிக்கா, பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் குறிப்புகளில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை நீக்கியதால், தெருவில் நடப்பவரின் இருப்பிடத்தைச் சில மீட்டர் வேறுபாட்டுக்குள் அறிவது எளிதாயிற்று. இவ்வாய்ப்பைப் பற்றிக்கொண்டு 2001-இல் ஷெஃபீல்டு நகரில் அரங்கேறிய 'கேன் யூ சீ மீ நவ்' ஆட்டத்தில், இணையத்தில் இருந்தோர் அந்நகரின் கணினி வரைபடத்தில் தப்பியோட, கைக்கணினி ஏந்திய கலைஞர்கள் மெய்யான தெருக்களில் அவர்களைத் துரத்தினர். துரத்தி ஓடிய கலைஞர்களின் மூச்சிரைப்பும் பேச்சும் ஒலியலைவாங்கியின் வழியே தொலைவில் இருந்தோரை எட்டியதால், வரைபடப் புள்ளிகளின் துரத்தல் மேடும் போக்குவரத்தும் களைப்பும் கொண்ட கதையாயிற்று. உயர்ந்த கட்டடங்களின் அருகே ஜிபிஎஸ் தடுமாறியதை மறைக்க வேண்டிய குறையாக மட்டும் கருதாமல், அக்கலைஞர்கள் அதைத் தம் உத்தியாக்கிக்கொண்ட விதத்தை ஆய்வாளர்கள் பதிவுசெய்தனர். தொடக்கத்தில் ஒவ்வோர் ஆட்டக்காரரிடமும், நெடுநாளாகக் காணாதபோதும் நினைவில் நிற்கும் ஒருவரின் பெயர் கேட்கப்பட்டது. ஆட்டக்காரர் பிடிபட்ட கணத்தில் அப்பெயரே உரக்க அறிவிக்கப்பட்டு, ஆளில்லாத அவ்விடம் படமெடுக்கப்பட்டது. இப்படைப்பு 2003-இல் ஆர்ஸ் எலெக்ட்ரானிக்கா ஊடகக் கலை விழாவின் உயரிய விருதான கோல்டன் நிக்காவைப் பெற்றது.

அதே ஆண்டு லண்டனில் நடந்த 'அங்கிள் ராய் ஆல் அரவுண்ட் யூ', ஒரு மனிதரைத் தேடி அலைந்தவர்களிடம், அறியாத ஒருவருக்கு நெருக்கடி நேர்ந்தால் ஓராண்டுக் காலம் துணைநிற்க இசைவரா என்று இறுதியில் கேட்டது. 2007-இல் வந்த 'ரைடர் ஸ்போக்', மிதிவண்டியில் சுற்றுவோர் தாம் தேர்ந்த இடத்தில் சொந்தக் கதையைப் பதிந்துவைக்கவும், அவ்விடத்துக்கு வருவோர் மட்டுமே அதைக் கேட்கவும் வழிசெய்தது.

கைப்பேசியில் இருப்பிடம் அறியும் வசதி பரவலாகும் முன்னரே, அவ்வசதி மனிதரிடையே எத்தகைய உறவுகளை உண்டாக்கும் என்பதை இவ்வாட்டங்கள் பலரைக் கூட்டிச் சோதித்துப் பார்த்தன. பங்கேற்பு என்பது பொத்தானை அழுத்துவதோடு முடிவதன்று, பிறர்பால் ஒரு பொறுப்பை ஏற்பது என்று நிறுவியதே ஊடகக் கலைக்கு இக்குழு வழங்கிய நிலையான பங்களிப்பாகும்.