ஒரு நொடி மௌனத்துக்குக் காப்புரிமை

பிராட்பேண்ட் வருவதற்கு முன்பு இணையத்துக்குள் போகவேண்டுமானால் மோடம் முதலில் கீச்சிட்டுக் கரகரக்கவேண்டும். அந்தப் பெட்டி முதலில் உழைத்தது அமெரிக்க விமானப்படைக்காக. 1950களில் ரேடார் தகவல்களைத் தொலைபேசிக் கம்பி வழியே கணினிக்குக் கடத்தியது. 1962இல் நொடிக்கு 300 பிட் அனுப்பும் மோடத்தை பெல் தொலைபேசி நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஆனால் தன் கம்பியில் பிறர் கருவியை மாட்ட விடவில்லை.

அந்தக் கதவை உடைத்தவருக்கும் மோடத்துக்கும் சம்பந்தமே இல்லை. டெக்சாஸ்காரர் தாமஸ் கார்ட்டர் விற்றது, ரேடியோவைத் தொலைபேசியோடு இணைக்கும் பெட்டி. 1968இல் அவர் பெல்லுக்கு எதிரான வழக்கில் வென்றார். அப்போதும் நேரடி இணைப்புக்கு பெல்லின் இடைக்கருவி வேண்டும். தப்பிக்க ரிசீவரை மோடத்தின் ரப்பர் கிண்ணங்களில் கவிழ்த்துவைத்து, தகவலை ஒலியாக அனுப்பினார்கள். அந்த விதியும் 1970களின் நடுவில் தளர்ந்தது.

சரியான நேரத்தில், 1977இல், டென்னிஸ் ஹேஸும் டேல் ஹெதரிங்டனும் அட்லாண்டாவில், ஹேஸ் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மோடம் செய்யத் தொடங்கினார்கள். 1981இல் வந்தது ஸ்மார்ட்மோடம். எந்தக் கணினியின் சீரியல் போர்ட்டிலும் மாட்டலாம், எண்ணை அதுவே சுழற்றும். சிக்கல் ஒன்றுதான்: கட்டளையும் தகவலும் ஒரே கம்பியில் வந்தால் எது எதுவென்று மோடம் எப்படி அறியும்? விடை: ‘+++’ என்று மூன்று கூட்டல் குறி. அதற்கு முன்னும் பின்னும் ஒரு நொடி மௌனம். அவ்வளவுதான். 1985இல் ஹெதரிங்டன் பெயரில் காப்புரிமையும் கிடைத்தது.

நகலெடுத்தவர்கள் ‘ஹேஸ் கம்பாட்டிபிள்’ என்று பெட்டியில் அச்சடித்தார்கள். உரிமத்தொகை கட்ட மனமில்லாத சிலர் அந்த மௌனத்தை மட்டும் நீக்கினார்கள். கஞ்சத்தனம் பழிவாங்கியது: கூட்டல் குறிகளோடு துண்டிக்கும் கட்டளையும் சேர்ந்த வரி தகவலுக்கு நடுவே போனாலே இணைப்பு அறுந்தது. அரட்டை அறைக் குறும்பர்களுக்குக் கொண்டாட்டம்!

ஹேஸ் நிறுவனத்துக்கு அது ஆறுதல் தரவில்லை. மலிவான நகல்கள் ஒருபுறம், போட்டி நிறுவனமான யுஎஸ் ரோபோடிக்ஸின் வேகம் மறுபுறம். 1994இல் திவால் பாதுகாப்பு கோரி மீண்டது; 1998இல் மறுபடி திவாலானது; 1999இல் அதன் சொத்துகள் விலைபோயின.

கட்டளைகள் மட்டும் விலைபோகவில்லை. ‘ஏடி’ என்று தொடங்கும் அவற்றை மொபைல் தரநிலை அமைப்பான 3ஜிபிபி விரிவாக்கி ஏற்றுக்கொண்டது. சிம் கார்டு செருகிய சோதனைப் பலகையில் இன்றைக்கும் ‘ஏடி’ என்று தட்டினால், ‘ஓகே’ என்று பதில் வருகிறது.