ரோமாபுரியும் நொய்யல் கரையும்

ரோம் என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? பாடப்புத்தகத்தில் பார்த்த கொலோசியம், வளைவு வளைவாக நிற்கும் நீர்க்கால்வாய்ப் பாலம், மொசைக் தரை. பரீட்சைக்குப் படித்தோம், பிறகு மறந்துவிட்டோம். "அதுக்கும் நமக்கும் என்னடா சம்பந்தம்?" என்று வகுப்பில் ஒரு நண்பன் கேட்டான். இந்தக் கட்டுரை அவனுக்காக.

வெள்ளலூர் என்றால் கோவையில் பலருக்கும் குப்பைக் கிடங்குதான் நினைவுக்கு வரும். அதே வெள்ளலூரில்தான் 1842-ல் 500-க்கும் மேற்பட்ட ரோமானிய வெள்ளிக்காசுகள் கிடைத்தன. பெரும்பாலானவை அகஸ்டஸ், டைபீரியஸ் ஆகிய இரு மன்னர்களின் தெனாரியஸ் காசுகள். டைபீரியஸ் காசின் ஒரு பக்கம் மன்னனின் தலை, மறுபக்கம் அமர்ந்திருக்கும் ஒரு பெண். விரல் நுனி அளவு வெள்ளியில் எவ்வளவு நுணுக்கமான வேலை! இவற்றை அச்சடித்த இடம் இன்றைய பிரான்சில் உள்ள லியோன் நகரம்.

அங்கிருந்து இங்கே எப்படி வந்தன? மேற்குக் கடற்கரையில் முசிறித் துறைமுகம். அங்கிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக நொய்யலை ஒட்டி கரூர் வரை ஒரு வணிகப் பாதை இருந்தது. அந்தப் பாதையில்தான் வெள்ளலூரும், சென்னிமலைக்கு மேற்கே உள்ள கொடுமணலும் இருக்கின்றன.

கொடுமணலில் 1985 முதல் பல கட்டங்களாக அகழாய்வு நடந்திருக்கிறது. பட்டை தீட்டாத கற்கள், பாதி துளையிட்ட மணிகள், முடிந்த மணிகள் என்று ஒரு பட்டறையே மண்ணுக்கடியில் இருந்தது. பதிற்றுப்பத்து சொல்லும் கொடுமணம் இதுதான் என்கிறார்கள் அறிஞர்கள். காங்கேயம் பக்கத்தில் உள்ள படியூரில் 'பெரில்' என்னும் நீலம் கலந்த பச்சைக்கல் கிடைத்தது. பெரில் கற்கள் பெரும்பாலும் இந்தியாவில் இருந்தே வருகின்றன என்று எழுதிய ரோமானிய அறிஞர் பிளினி, கிழக்கத்தியச் சரக்குகளுக்காக ஆண்டுக்கு 10 கோடி செஸ்டர்ஸ் பணம் வெளியே போகிறதே என்று புலம்பவும் செய்தார்.

கி.பி. 80-ல் கொலோசியத்தைத் திறந்து வைத்தவர் மன்னர் டைட்டஸ். அவர் மகள் ஜூலியாவின் உருவத்தை எவோடோஸ் என்ற கலைஞர் ஒரு கல்லில் செதுக்கினார். அது இன்று பாரிஸில் இருக்கிறது. அந்தக் கல்லும் பெரில் வகைதான்!

இன்னொரு விஷயம். இந்தியச் சரக்குகளுக்கு ரோமானிய அரசு 25 சதவீதம் சுங்கம் வசூலித்தது. ஹெர்மபொல்லோன் என்ற கப்பலில் வந்த முசிறிச் சரக்கின் கணக்கு எழுதிய பாப்பிரஸ் ஏடு வியன்னாவில் இருக்கிறது. அந்த வரி சேர்ந்தது பேரரசின் கருவூலத்தில். சாலைக்கும் கால்வாய்க்கும் செலவு செய்ததும் பேரரசுதான். ஆக, நம் ஊர் மணிக்கல் தொழிலாளியின் உழைப்பிலும் ஒரு துளி அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது.

ரோமில் கட்டடங்கள் கண்ணுக்குத் தெரிகின்றன. நம்முடையது மண்ணுக்கடியில் இருக்கிறது. அதனால்தான் கவலை. கரூர் அமராவதி ஆற்று மணலில் கிடைத்த காசுகள் பலவும் தனியார் கைகளுக்குப் போய்விட்டன. எங்கே, எந்த மண்ணடுக்கில், எதனோடு கிடைத்தது என்று தெரியாவிட்டால் அந்தக் காசு வெறும் வெள்ளிதான். விற்றவருக்குச் சில நூறு ரூபாய் கிடைத்திருக்கும். நாம் இழந்தது வரலாற்றின் ஒரு பக்கம்.

நண்பர்களே, உங்கள் தோட்டத்தில் கிணறு வெட்டும்போதோ உழும்போதோ பழைய காசோ மணியோ கிடைத்தால் வியாபாரியிடம் கொடுத்துவிடாதீர்கள். 1878-ம் ஆண்டின் புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். சென்னை போனால் எழும்பூர் அருங்காட்சியகத்தில் ரோமானியக் காசுகளைப் பாருங்கள். அடுத்த முறை யாராவது "ரோமுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டால், வெள்ளலூர் பஸ்ஸைக் காட்டுங்கள்!