இறந்ததாகக் குறித்து வைத்த சட்டம்

என் குறிப்பேட்டில் அமெரிக்க மாநிலங்களின் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. கேட்காமலேயே வந்து குவியும் வணிக மின்னஞ்சலுக்கு, அதாவது நாம் ஸ்பேம் என்று சொல்வதற்கு எதிராக எந்த மாநிலம் எந்த ஆண்டில் சட்டம் இயற்றியது என்று காட்டும் அட்டவணை அது. பல பெயர்களுக்கு எதிரே ‘1.1.2004 முதல் செல்லாது’ என்று நானே எழுதியிருக்கிறேன். வாஷிங்டன் மாநிலத்துக்கு எதிரேயும் அதே குறிப்புதான். பிறகு, 2025 ஏப்ரல் 17-ஆம் தேதியிட்ட ஒரு தீர்ப்பைப் படிக்க நேர்ந்தது. இறந்துவிட்டதாக நான் குறித்த வாஷிங்டன் சட்டத்தின் ஓர் உட்பிரிவுக்கு அந்த மாநில உச்ச நீதிமன்றம் பொருள் விளக்கிக்கொண்டிருந்தது. 1998-இல் வந்த சட்டம் அது. இத்தனை ஆண்டு அது எப்படிப் பிழைத்திருந்தது?

அட்டவணையின் முதல் வரியிலிருந்தே மறுபடி தொடங்கினேன். முதல் சட்டம் நெவாடாவுடையது என்று எழுதியிருந்தேன். 1997-இல் அங்கே சட்டம் நிறைவேறியது உண்மை. ஆனால் அது நடைமுறைக்கு வந்த நாள் 1998 ஜூலை 1. வாஷிங்டன் சட்டம் பிந்தி இயற்றப்பட்டாலும் 1998 ஜூன் 11-ஆம் தேதியே அமலுக்கு வந்துவிட்டது. இருபது நாள் வித்தியாசம் சிறியதுதான். ஆனாலும் நிறைவேறிய தேதியையும் அமலான தேதியையும் ஒன்றாக எண்ணும் பழக்கம் எனக்கு இருந்தது என்பதை அது காட்டியது. தேதியில் இப்படி நடந்தால் வாசகத்திலும் நடந்திருக்கலாம்.

ஆகவே வாஷிங்டன் சட்டத்தின் வாசகத்தை வரி வரியாகப் படித்தேன். ஸ்பேமையே அது தடை செய்கிறது என்றுதான் நினைத்திருந்தேன். அப்படி ஒரு தடை அதில் இல்லை. வணிக மின்னஞ்சலில் மூன்று காரியங்களைச் செய்யாதே என்கிறது அது. மின்னஞ்சல் புறப்பட்ட இடத்தையோ வந்த வழியையோ மறைக்காதே. பிறருடைய இணையப் பெயரை, அதாவது டொமைனை, அவர் அனுமதியின்றிப் பயன்படுத்தாதே. பொருள் வரியில் பொய்யோ ஏமாற்றோ வைக்காதே. ‘வந்த வழி’ என்பதைச் சற்று விளக்க வேண்டும். கடித உறையின் மேல் ஊருக்கு ஊர் விழும் தபால் முத்திரையைப் போல, மின்னஞ்சலின் தலைப்பகுதியிலும் அது கடந்துவந்த கணினிகளின் பெயர்கள் பதிவாகின்றன. அந்த முத்திரைகளைப் போலியாக்குவதைத்தான் சட்டம் தடுக்கிறது. மீறினால் மின்னஞ்சலைப் பெற்றவருக்கு 500 டாலர், இணையச் சேவை நிறுவனத்துக்கு 1,000 டாலர் இழப்பீடு என்று அது வகுத்தது. அதே 1998-இல் கலிபோர்னியா வேறு வழியில் போனது. விளம்பர மின்னஞ்சலின் பொருள் வரி ‘ஏடிவி’ என்ற மூன்று எழுத்துகளோடு தொடங்க வேண்டும் என்றது. கலிபோர்னியா அடையாளம் ஒட்டச் சொன்னது, வாஷிங்டன் பொய்யைத் தடுத்தது. இந்த வேற்றுமையை அடிக்கோடிட்டு வைத்துக்கொண்டேன்.

அடுத்த தடயம் ஒரு வழக்கு. சட்டம் அமலான சில மாதங்களில், 1998 அக்டோபரில், வாஷிங்டன் அட்டர்னி ஜெனரல் அண்டை மாநிலமான ஓரிகனில் வசித்த ஒருவர் மீது வழக்குத் தொடுத்தார். இணையத்தில் பணம் சம்பாதிப்பது எப்படி என்று சொல்லும் சிறு நூலை அவர் விற்றார். விலை 39.95 டாலர். வாரத்துக்கு ஒரு லட்சத்திலிருந்து பத்து லட்சம் மின்னஞ்சல்கள் வரை அனுப்பினார். மாதத்துக்கு விற்றதோ முப்பதிலிருந்து ஐம்பது பிரதி. இந்த எண்களை நான் இரண்டு முறை சரிபார்த்தேன். லட்சக்கணக்கில் அனுப்பி ஐம்பது பிரதி விற்றாலும் அவருக்கு லாபம்தான். காரணம், அனுப்பும் செலவு அவர் தலையில் விழவில்லை. இந்த வழக்கில் பின்னர் வந்த மாநில உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இதைத் தபால் உவமை ஒன்றால் சொல்கிறது. தபால் கட்டணத்தைப் பெறுபவர் தலையில் கட்டிவிட்டு விளம்பரக் கடிதம் அனுப்புவதற்கு நிகராம் இது. நம் ஊரில் இதற்கு ‘பேரிங் தபால்’ என்றே பெயர் உண்டு. தபால்தலை ஒட்டாத கடிதத்தைத் தபால்காரர் நீட்டுவார், காசை நாம்தான் கொடுக்க வேண்டும்.

அந்த மின்னஞ்சல்களில் ஒன்றின் பொருள் வரி, ‘சரியான முகவரிக்குத்தான் அனுப்பியிருக்கிறேனா?’ என்று கேட்டது. பழைய நண்பர் எவரோ நம்மைத் தேடுகிறார் என்று நினைத்துத் திறந்தவர்கள் உள்ளே விலைப்பட்டியலைக் கண்டார்கள். தலைப்பகுதியில் இருந்த இணையப் பெயரோ வேறொருவர் பெயரில் பதிவாகியிருந்தது. சட்டம் தடுத்த காரியங்கள் எல்லாம் இந்த ஒரே தொகுப்பில் இருந்தன.

ஆனாலும் 2000-இல் விசாரணை நீதிமன்றம் வழக்கைத் தள்ளிவிட்டது. மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தை ஒரு மாநிலம் அளவுமீறிக் கட்டுப்படுத்துவது அரசமைப்புக்கு முரண் என்பது அதன் காரணம். ‘செல்லாது’ என்ற எண்ணம் எனக்கு முதலில் விழுந்தது இந்தக் கட்டத்தில்தான். அதற்கு அடுத்த ஆண்டையும் நான் பார்த்திருக்க வேண்டும். 2001 ஜூன் 7 அன்று மாநில உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதை மாற்றியது. அனுப்புகிறவர் மீது இந்தச் சட்டம் சுமத்துவது உண்மை பேசும் கடமை ஒன்றைத்தான், அந்தச் சுமை வணிகத்தை முடக்காது என்று முடிவு செய்தது.

இனி 2004-க்கு வருகிறேன். என் பெரிய தவறு அங்கேதான் இருக்கிறது. ‘கேன்-ஸ்பேம்’ என்ற கூட்டாட்சிச் சட்டத்தில் 2003 டிசம்பர் 16 அன்று அதிபர் புஷ் கையெழுத்திட்டார். 2004 ஜனவரி 1 முதல் அமல். பெறுபவர் வேண்டாம் என்று சொல்லும்வரை விளம்பரம் அனுப்பலாம் என்பது அதன் அடிப்படை. கலிபோர்னியாவோ 2003 செப்டம்பரில்தான் இதற்கு நேர்மாறான சட்டம் இயற்றியிருந்தது. பெறுபவர் வேண்டும் என்று சொன்ன பிறகே அனுப்பலாம் என்றது அது. அமலுக்கு வரவிருந்த நாளும் அதே 2004 ஜனவரி 1. பிறந்த அன்றே அதன் பெரும்பகுதி போய்விட்டது.

வணிக மின்னஞ்சலை ஒழுங்குபடுத்தும் மாநிலச் சட்டங்களைவிடக் கூட்டாட்சிச் சட்டமே மேலோங்கும் என்று கேன்-ஸ்பேமின் 7707-ஆம் பிரிவு சொல்கிறது. நான் நகலெடுத்தது அந்த முன்பாதியைத்தான். அதே நீண்ட வாக்கியத்தின் பின்பாதியில் ஒரு விலக்கு இருக்கிறது. மின்னஞ்சலின் எந்தப் பகுதியிலும் பொய்யையோ ஏமாற்றையோ தடுக்கும் அளவுக்கு மாநிலச் சட்டம் நிற்கும் என்கிறது அது. முன்பு அடிக்கோடிட்ட இடத்துக்குத் திரும்பினேன். கலிபோர்னியாவின் மூன்று எழுத்து அடையாளத்துக்கு இந்த வாசலில் இடமில்லை. வாஷிங்டன் தடுத்ததோ பொய்யை, அதனால் அது உள்ளே வந்துவிட்டது.

பொய்யைத் தடுத்த சட்டமெல்லாம் பிழைத்தது என்று முடித்துவிடலாமா? வர்ஜீனியா அதற்கு இடம் தரவில்லை. போலித் தலைப்பகுதியோடு பெருவாரியாக மின்னஞ்சல் அனுப்பியதற்காக அங்கே 2004-இல் ஒருவர் குற்றவாளி என்று தீர்ப்பானது. 2008 செப்டம்பரில் மாநில உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பையும் அதற்கு ஆதாரமான சட்டத்தையும் ரத்து செய்தது. கூட்டாட்சிச் சட்டம்தான் காரணம் என்று நான் எழுதியிருந்ததும் பிழை. வர்ஜீனியாவின் தடை வணிக மின்னஞ்சலோடு நிற்காமல், பெயர் மறைத்து அனுப்பும் அரசியல், சமய மடல்களையும் பிடித்தது. பேச்சுரிமையில் இடித்துக்கொண்டது. அப்போதுதான் வாஷிங்டன் வாசகத்தில் ‘வணிக’ என்ற சொல்லின் பெறுமதி எனக்குப் புரிந்தது.

இன்னொரு ஐயமும் இருந்தது. எந்த அளவுப் பொய்? 2006-இல் ஓக்லஹோமாவில் கப்பல் சுற்றுலா விளம்பரம் பதினொன்று பெற்ற ஒரு நிறுவனத்தின் வழக்கில், அற்பப் பிழைகளுக்காக மாநிலச் சட்டத்தைப் பிடித்து வழக்காட முடியாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. 2009-இல் வாஷிங்டன் சட்டத்தையே வைத்து வந்த வழக்கிலும் இன்னொரு மேல்முறையீட்டு நீதிமன்றம் அதே திசையில் போனது. அனுப்பியவரின் இணையப் பெயர் அவரைத் தெளிவாகக் காட்டவில்லை என்பதே பொய்யாகிவிடாது என்றது. வாசல் குறுகியது, ஆனால் மூடவில்லை.

2025 தீர்ப்பு அந்த வாசல் வழியாகத்தான் வந்தது. ஓல்ட் நேவி என்ற துணிக்கடை நிறுவனம் ‘சலுகை இன்றோடு முடிகிறது’ என்ற தோரணையில் மின்னஞ்சல் அனுப்பிவிட்டு மறுநாளும் சலுகையை நீட்டித்தது என்பது வாடிக்கையாளர்களின் குற்றச்சாட்டு. பொருள் வரியில் எந்தப் பொய்யும் கூடாதா, இல்லை இது விளம்பரம் என்பதை மறைக்கும் பொய் மட்டும்தான் கூடாதா என்று கூட்டாட்சி நீதிமன்றம் மாநில உச்ச நீதிமன்றத்திடம் கேட்டது. ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் பதில் வந்தது: எந்தப் பொய்யும் கூடாது. குற்றச்சாட்டு மெய்யா என்பதை அந்த நீதிமன்றம் தீர்மானிக்கவில்லை. சட்டத்தின் பொருளை மட்டும் சொன்னது.

என் அட்டவணையில் வாஷிங்டனுக்கு எதிரே இருந்த குறிப்பை அடித்துவிட்டேன். கலிபோர்னியாவின் 2003 சட்டத்திலும் பொய்யைத் தடுக்கும் 17529.5-ஆம் பிரிவு நிற்கிறது. அந்த வரியையும் திருத்தியாகிவிட்டது. மற்ற மாநிலங்களின் வாசகங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் படிக்கத் தொடங்கியிருக்கிறேன்.