ஒரே விளக்கின் கீழ் டயோனியாவும் நெப்பந்தஸும்

பூச்சி உண்ணும் செடிகளை வீட்டுக்குள் வளர்க்கத் தொடங்குபவர்களிடம் ஒரு தவறைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அலமாரியில் ஓர் எல்இடி வளர்ப்பு விளக்கை மாட்டுகிறார்கள். டைமரில் ஒரு நேரத்தைக் குறித்துவிட்டு, டயோனியா என்கிற வீனஸ் ஃபிளைட்ராப்பையும் நெப்பந்தஸ் என்கிற குடுவைச் செடியையும் அதன் கீழ் அருகருகே வைத்துவிடுகிறார்கள். இரண்டும் பூச்சி பிடிப்பவைதான். ஆனால் அவை பழகிய வெளிச்சம் வேறு வேறு.

பூச்சியிடமிருந்து இவை பெறுவது முக்கியமாக நைட்ரஜனும் பாஸ்பரஸும். சர்க்கரையை ஒளியைக் கொண்டுதான் தயாரிக்க வேண்டும்; பொறியையும் குடுவையையும் உருவாக்க அந்தச் சர்க்கரையே செலவாகிறது. வெயிலும் ஈரமும் மிகுந்து, மண்ணில் சத்துக் குறைந்த இடங்களில்தான் இந்தச் செலவு செடிக்குக் கட்டுப்படியாகும் என்று தாவரவியலாளர் தாமஸ் கிவ்னிஷும் அவருடன் ஆய்ந்தவர்களும் 1984இல் விளக்கினார்கள். எனவே இருட்டில் வாடும் செடிக்கு ஈ பிடித்துக் கொடுப்பதால் பயனில்லை.

டயோனியாவின் தாய்மண் அமெரிக்காவின் வட, தென் கரோலினா மாநிலங்களின் கடலோரச் சமவெளி மட்டுமே. அவ்வப்போது தீ பரவிப் புதர்களை அழிப்பதால் திறந்தே கிடக்கும் பைன் காட்டுவெளி அது. சுமார் 34 பாகை வட அட்சத்தில் இருப்பதால் அங்கே கோடைப் பகல் 14 மணி நேரத்தைத் தாண்டும். டிசம்பரில் 10 மணி நேரத்துக்கும் சற்றுக் குறையும். நெப்பந்தஸ் இனங்களில் பெரும்பாலானவை நிலநடுக்கோட்டை ஒட்டியவை. இலங்கையில் மட்டுமே இயற்கையாக வளரும் நெப்பந்தஸ் டிஸ்டில்லடோரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். கொழும்பில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒரு மணி நேர வித்தியாசம்கூடக் கிடையாது.

விளக்கின் பலத்தை வாட் கணக்கில் பார்ப்பதைவிட, இலை மட்டத்தில் சதுர மீட்டருக்கு நொடிதோறும் விழும் ஒளியை மைக்ரோமோல் அளவில் பார்ப்பது நல்லது. டயோனியாவுக்கு 300 மைக்ரோமோல், 14 மணி நேரம் என்று வைத்தால், ஒரு நாளில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 15 மோல் ஒளி சேரும். நெப்பந்தஸுக்கு 150 மைக்ரோமோல், 12 மணி நேரம் போதும். அது ஆறரை மோல், அதாவது பாதிக்கும் குறைவு. மானி இல்லாதவர்கள் கைப்பேசியின் லக்ஸ் செயலியைப் பயன்படுத்தலாம். வெள்ளை எல்இடியில் 300 மைக்ரோமோல் என்பது ஏறத்தாழ 20,000 லக்ஸ். செயலி துல்லியமாக இராது. இரண்டு தட்டுகளை ஒப்பிட உதவும். இலையே நல்ல சாட்சி. ஒளி போதாவிட்டால் டயோனியாவின் இலைக்காம்பு நீண்டு துவளும், பொறியின் உட்புறச் சிவப்பு வெளிறும். நெப்பந்தஸ் இலை கரும்பச்சையாகச் செழித்திருந்தும் நுனியில் குடுவை திரளாவிட்டால், வெளிச்சத்தையும் காற்றின் ஈரப்பதத்தையும் சேர்த்தே கவனிக்க வேண்டும். ஒளி மிஞ்சினால் அதன் இலை சிவந்து மஞ்சளாகும்.

டைமரில்தான் இரண்டும் முற்றாகப் பிரிகின்றன. நெப்பந்தஸுக்கு 12 மணி நேரம் குறித்துவிட்டால் ஆண்டு முழுவதும் கை வைக்க வேண்டாம். டயோனியாவுக்கு அக்டோபர் தொடங்கி வாரம் அரை மணி நேரமாகக் குறைத்து, டிசம்பரில் 10 மணி நேரத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதோடு 10 டிகிரிக்கும் கீழான குளிரில் மூன்று மாதமாவது அது உறங்க வேண்டும். நேரத்தை மட்டும் குறைத்துவிட்டுக் குளிரைத் தராதவர்களின் செடி ஆண்டுக்கு ஆண்டு மெலிவதுதான் வழக்கம். நம் சமவெளியில் அந்தக் குளிருக்கு ஃபிரிட்ஜ்தான் வழி: கிழங்கை ஈரமான ஸ்பாக்னம் பாசியில் சுற்றி, 4 டிகிரியில் வைக்க வேண்டும்.

பல் அழுத்தும் வட்டமான மெக்கானிக்கல் டைமர் மலிவானது. ஆனால் மின்சாரம் போனால் அதுவும் நின்றுவிடும். இரண்டு மணி நேர மின்வெட்டு என்றால் அன்றிலிருந்து விளக்கு இரண்டு மணி நேரம் தாமதமாகவே எரியும். உள்ளே பேட்டரி வைத்த டிஜிட்டல் டைமருக்கு இந்தத் தொல்லை இல்லை.

சமவெளியில் புதிதாகத் தொடங்குபவர் தாழ்நில நெப்பந்தஸ் ஒன்றை முதலில் வாங்குங்கள். டயோனியாவும் வேண்டும் என்றால், அதற்கென்று தனி விளக்கும் இரண்டாவது டைமரும் ஃபிரிட்ஜில் ஓர் இடமும் ஒதுக்கிய பிறகு வாங்குங்கள்.